திடீரெனத் தோன்றும் வெறுமை உணர்வும் பதற்றமும்: பட்டாசுத் தொழிற்பகுதி மக்களுக்கான மனநல வழிகாட்டி

முக்கியச் செய்திகள்

• எவ்விதக் காரணமும் தெரியாமல் நெஞ்சு படபடத்தல், கை நடுங்குதல், உள்ளே எதுவுமே இல்லாதது போன்ற வெறுமை தோன்றுதல் ஆகியவை சிகிச்சையால் குணமாகக்கூடியவை.
• பதற்றம் உச்சத்தை அடைந்த பின் தானாகவே தணியும். அந்த நேரத்தைப் பாதுகாப்பாகக் கடப்பதற்கு எளிய வழிமுறைகள் உள்ளன.
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை முதன்முறையாக ஏற்பட்டால் அதனை மனப்பதற்றம் எனத் தாமாகவே முடிவு செய்யக் கூடாது. உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும்.
• 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம்.

அறிமுகம்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி ஆகிய தொழில்களைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் மிகுதி. இக்குடும்பங்களில் ஒருவர் ஆலைக்குச் சென்று மாலையில் நலமாகத் திரும்பும் வரை வீட்டிலிருப்போரின் மனத்தில் ஒரு கவலை இருந்துகொண்டே இருக்கிறது. தொலைவில் எழும் ஓர் ஓசை, ஆம்புலன்ஸ் ஒலி, வேலை நேரத்தில் வரும் எதிர்பாராத தொலைபேசி அழைப்பு ஆகிய ஒவ்வொன்றும் அக்கவலையை நொடிப்பொழுதில் பெருக்கிவிடும்.

வெடிவிபத்தில் உறவினரையோ உடன் வேலை செய்தவரையோ இழந்தவர்கள், காயமுற்று மீண்டவர்கள், மீட்புப் பணிக்கு ஓடியவர்கள், வேலையின்மையால் கடன் சுமைக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இக்கட்டுரை பயன்படும்.

அறிகுறிகள்

பதற்றத்தின் அறிகுறிகள்: இதயம் வேகமாகத் துடித்தல், மூச்சு முட்டுதல், வியர்த்தல், கைகால் நடுக்கம், தலைச்சுற்றல், வயிற்றைப் பிசைதல், உதடும் விரல்நுனியும் மரத்துப்போதல், “இப்போதே ஏதோ நடந்துவிடும்” என்னும் அச்சம். இவை அனைத்தும் சேர்ந்து திடீரெனத் தோன்றினால் அதனைப் பீதித் தாக்கம் என்பர். பெரும்பாலும் ஏறத்தாழ 10 நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, அதன்பின் படிப்படியாகக் குறையும்.

வெறுமையின் அறிகுறிகள்: எதிலும் ஈடுபாடு இல்லாமை, அழுகை கூட வராமை, சுற்றிலும் நடப்பவை திரைக்கு அப்பால் நடப்பது போலத் தோன்றுதல், பிள்ளைகளைக் கண்டும் மனம் அசையாமை, உணவின் சுவை அறியாமை.

பேரிழப்புக்குப் பின் கண்ணீர் வராதவரைக் “கல் மனம்” என ஊரார் கூறுவதுண்டு. இது தவறான கருத்தாகும். தாங்க இயலாத துயரம் நேரும்போது, மனம் தன்னைக் காத்துக்கொள்ள உணர்வுகளைச் சிறிது காலம் அடக்கி வைக்கிறது. அழாமல் இருப்பது அன்பின்மையைக் காட்டுவதாகாது.

ஏன் ஏற்படுகிறது?

1. வெடிவிபத்துகளின் தாக்கம்

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். புகையைக் கண்டு உதவி செய்யவும் பார்க்கவும் அருகிலுள்ள ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களும் அதில் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும், 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்திலும் நேர்ந்த விபத்துகள் பல குடும்பங்களைச் சிதைத்தன.

இத்தகைய நிகழ்வைக் கண்ட மூளை, அதனுடன் தொடர்புடைய ஓசை, மணம், ஒளி அனைத்தையும் ஆபத்தின் அடையாளமாகப் பதிவு செய்துகொள்கிறது. பின்னர் கல்குவாரி வெடி, மின்மாற்றி வெடிக்கும் ஓசை, கோடை இடி, திருவிழா வாணவேடிக்கை, கந்தக நெடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எதிர்ப்பட்டதும் உடல் தற்காப்புக்கு ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து இல்லாத இடத்திலும் உடலின் அபாயமணி ஒலிப்பதே இதன் பொருள். விபத்து நடந்த நாள் ஆண்டுதோறும் வரும்போதும், தீபாவளியை ஒட்டியும் இவ்வுணர்வுகள் மீண்டும் தலைதூக்குவது இயல்பு.

2. பருவமும் வருமானமும்

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இடைவிடாத வேலை. பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடப்படுகின்றன. ஓய்வின்றி இயங்கிய உடலும் மனமும் திடீரென நிற்கும்போது, பணி மும்முரத்தில் அமுங்கியிருந்த துயரமும் கடன் கவலையும் மேலெழுகின்றன. கையில் வேலையில்லாத அந்நாட்களில் வெறுமை மிகுவதாக உணர்ந்தால் அதனைச் சோம்பல் எனக் கருத வேண்டா.

பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிகளுக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று விதித்த தடையைத் தொடர்ந்து, ஆலைகள் பல மாதங்கள் மூடப்பட்டிருந்தன. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்னும் நிச்சயமின்மை நீடிக்கும் இடத்தில் பதற்றம் எளிதில் வேரூன்றும்.

எல்லா அச்சமும் நோயன்று

வேலைக்குச் செல்ல அஞ்சும் தொழிலாளர் ஒருவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: “என் அச்சம் பழைய நினைவிலிருந்து வருகிறதா, இன்று கண்ணெதிரே உள்ள நிலையிலிருந்து வருகிறதா?”

அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமானோர் ஓர் அறையில் அமர்ந்திருத்தல், மரத்தடியிலோ நடைபாதையிலோ வேலை நடத்துதல், மருந்துக் கலவை மிகுதியாகத் தேங்கியிருத்தல், உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் மேற்பார்வை இல்லாமை ஆகியவற்றைக் கண்டு அஞ்சுவது நியாயமான எச்சரிக்கையாகும். மூச்சுப் பயிற்சியாலோ மாத்திரையாலோ அந்த அச்சத்தை அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்வது ஆபத்து. போர்மேனிடம் தெரிவிக்கலாம், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையிடமோ மாவட்ட நிருவாகத்திடமோ முறையிடலாம்.

இதற்கு மாறாக, வீட்டில் இருக்கும்போதும் பேருந்தில் செல்லும்போதும் அதே அச்சம் பற்றிக்கொண்டால், அது சிகிச்சை தேவைப்படும் பதற்றமாக இருக்கலாம். இரண்டும் ஒருவரிடம் ஒருசேர இருப்பதும் உண்டு.

பதற்றம் தோன்றும் அந்நேரத்தில் செய்ய வேண்டியவை

1. பெயரிடுங்கள். “இது பதற்றம். சிறிது நேரத்தில் தணியும்” என்று மனத்துக்குள்ளோ வாய்விட்டோ சொல்லுங்கள்.
2. மூச்சை நீட்டி விடுங்கள். மூக்கின் வழியே 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். 5 நிமிடங்கள் தொடருங்கள். மூச்சை வெளியே விடும் நேரம் நீள்வது இதயத் துடிப்பைத் தணிக்க உதவும்.
3. இருக்கும் இடத்தை உணருங்கள். பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் 5 பொருள்கள், தொட்டு உணரும் 4 பொருள்கள், காதில் விழும் 3 ஓசைகள், நுகரும் 2 மணங்கள், நாவில் உள்ள 1 சுவை என வரிசையாகச் சொல்லுங்கள். நினைவில் மூழ்கிய மனத்தை இந்த இடத்துக்கும் இந்த நாளுக்கும் இது திருப்பிக் கொணரும்.
4. அருகில் இருப்பவரிடம் ஒரு வாக்கியத்தில் தெரிவியுங்கள். “எனக்குப் படபடப்பாக இருக்கிறது, சற்று நேரம் உடன் இருங்கள்” என்பது போதும்.
5. தணிந்த பின் தண்ணீர் அருந்தி, சிறிது நேரம் அமர்ந்திருந்து, இயன்ற வேலையைத் தொடருங்கள்.

காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையைப் பின்பற்ற வேண்டா. மூச்சுத்திணறலுக்கு வேறு காரணம் இருப்பின் அது தீங்கு விளைவிக்கும்.

ஆலைக்குள் இருக்கும்போது

மருந்து கலக்கும் அறையிலோ மருந்து செலுத்தும் அறையிலோ இருக்கும்போது கை நடுங்கினால், கவனம் மங்கினால், அந்த இடத்திலேயே பயிற்சிகளைச் செய்யக் கூடாது. கையில் உள்ளதை உராய்வின்றி மெதுவாக வைத்துவிட்டு, ஓடாமல் நடந்து வெளியே வர வேண்டும். போர்மேனிடம் கூறிவிட்டு, அறைகளுக்கு அப்பால் நிழலில் அமர்ந்த பின்னரே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். முகம் கழுவுவதும் தண்ணீர் அருந்துவதும் வெளியிலேயே இருக்க வேண்டும். நடுங்கும் கையுடன் மருந்தைக் கையாள்வது அறையில் உள்ள அனைவருக்கும் ஆபத்து. “உடம்பு சரியில்லை, வெளியே போகிறேன்” என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்டுக்கொண்டிராமல் அவரை அனுப்புவதே மேற்பார்வையாளரின் கடமை.

மனப்பதற்றம் என முடிவு செய்யுமுன்

பின்வரும் நிலைகளில் முதலில் உடல் பரிசோதனை தேவை:

• நெஞ்சில் அழுத்தம், இடக்கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கடும் வலியின்றி மூச்சுத்திணறலாகவோ மிகுந்த களைப்பாகவோ மட்டும் இது வெளிப்படலாம். தாமதியாமல் 108 எண்ணை அழைக்கவும்.
• ஆலை வேதிப்பொருள் வாய்வழியே உட்சென்று, வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் தளர்வு, இதயத் துடிப்பில் மாறுதல் ஆகியவை ஏற்பட்டால் அது நச்சுப் பாதிப்பாக இருக்கலாம். செய்யும் வேலையையும் கையாண்ட பொருளையும் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.
• இரத்தசோகை, தைராய்டு மிகுதி, இரத்தச் சர்க்கரைத் தாழ்வு, கோடை வெப்ப அயர்ச்சி ஆகியவையும் படபடப்பையும் சோர்வையும் உண்டாக்கும். எளிய இரத்தப் பரிசோதனைகளால் இவற்றுள் பலவற்றைக் கண்டறியலாம்.

நாள்தோறும் வெறுமையை எதிர்கொள்ளும் வழிகள்

வெறுமை நிலவும்போது “மனம் வந்தால் செய்வேன்” எனக் காத்திருந்தால் மனம் வருவதில்லை. சிறு செயல் முதலில், உணர்வு பின்னர் என்பதே மருத்துவம் பரிந்துரைக்கும் முறை.

• எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஆகிய மூன்றையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆலை மூடியிருக்கும் வாரங்களில் இது இன்றியமையாதது.
• நாளொன்றுக்கு ஒரு சிறு வேலையை முடியுங்கள். வாசல் தெளித்துக் கோலமிடுதல், ஆட்டுக்குத் தீவனம் வைத்தல், பிள்ளையைப் பள்ளியில் விடுதல் என எதுவாகவும் இருக்கலாம்.
• இயன்றால் அரை மணி நேரம் நடங்கள். உடல் உழைப்பு பதற்றத்தைக் குறைக்கும்.
• விபத்துக் காணொளிகளைக் கைப்பேசியில் பார்ப்பதையும் பகிர்வதையும் தவிருங்கள். மீண்டும் மீண்டும் காண்பது காயத்தைப் புதுப்பிக்கும்.
• மது, புகையிலை ஆகியவை சில மணி நேரம் மரத்துப்போகச் செய்து, மறுநாள் பதற்றத்தை இரட்டிப்பாக்கும்.
• கடன், முன்பணம், இழப்பீடு ஆகியவை பற்றிய கவலையைத் தாளில் எழுதி, இந்த வாரம் செய்யக்கூடியது, பின்னர் செய்யக்கூடியது எனப் பிரித்துக்கொள்ளுங்கள். இழப்பீடு தொடர்பான இலவசச் சட்ட உதவியைத் திருவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ 15100 என்ற எண்ணிலோ பெறலாம். தெளிவான தகவல் கிடைப்பதே சிலருக்கு உறக்கத்தைத் திருப்பித் தந்துவிடும்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

விபத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் அச்சமும் உறக்கமின்மையும் பெரும்பாலோருக்கு ஏற்பட்டு, படிப்படியாகக் குறையும். பின்வரும் நிலைகளில் காத்திருக்கலாகாது:

• மனச்சோர்வோ வெறுமையோ பெரும்பாலான நேரங்களில் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தல்
• விபத்துக் காட்சிகள் கனவிலும் நனவிலும் மீண்டும் தோன்றுதல், சிறு ஓசைக்கும் துணுக்குறுதல், அந்த வழியே செல்வதையே தவிர்த்தல் ஆகியவை 1 மாதத்துக்கு மேல் தொடர்தல்
• பதற்றத்துக்கு அஞ்சி வேலைக்கோ சந்தைக்கோ செல்ல இயலாமை
• உணவு, உறக்கம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவை பாதிக்கப்படுதல்
• வாழ வேண்டாம் என்னும் எண்ணம் (இதற்குக் கால அளவு இல்லை, அன்றே உதவி தேவை)

சிகிச்சை முறைகள்

பேச்சுவழிச் சிகிச்சை: அச்சமூட்டும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கவும், தவிர்த்து வந்த இடங்களையும் ஓசைகளையும் பாதுகாப்பான முறையில் சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும் ஆலோசகர் பழக்குவார். சான்றாக, முதல் வாரம் ஆலைச் சாலையின் தொடக்கம் வரை துணையுடன் நடந்து திரும்புதல், அது எளிதான பின் இன்னும் சிறிது தொலைவு செல்லுதல் என்பதாக அது அமையும்.

மருந்துகள்: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழங்கப்படும் மாத்திரைகளின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணமடைந்ததாகத் தோன்றினாலும், மருத்துவர் கூறும் வரை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் திரும்பலாம். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி உட்கொள்வது பழக்க அடிமைத்தனத்துக்கு வழிவகுக்கும். மயக்கம் தரும் மாத்திரை உட்கொள்வோர், மருத்துவரின் ஒப்புதலின்றி வெடிமருந்து தொடர்பான வேலையைச் செய்யக் கூடாது.

பராமரிப்பாளர்களுக்கு

செய்ய வேண்டியவை: அருகில் அமருங்கள். கஞ்சியோ தண்ணீரோ கொடுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள், பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். “என்ன நடந்தது என்று முழுவதும் சொல்” எனத் துருவுவது நன்மையைவிடத் தீமையே தரும். “அக்கா, நான் இங்கேதான் இருக்கிறேன்”, “ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன், அண்ணாச்சி” போன்ற சொற்கள் போதுமானவை.

தவிர்க்க வேண்டியவை: “எல்லாருக்கும் வருவதுதானே”, “பிள்ளைகளுக்காகத் தேற்றிக்கொள்”, “நிவாரணம் வந்துவிட்டதே” என்னும் சொற்கள் ஆறுதலாகத் தோன்றினாலும் கேட்பவரைத் தனிமைப்படுத்தும்.

குழந்தைகள்: விபத்துக்குப் பின் படுக்கையில் சிறுநீர் கழித்தல், தாயை விட்டு அகலாமை, வெடிப்பது போலவே விளையாடுதல், பள்ளி செல்ல மறுத்தல் ஆகியவை காணப்படலாம். அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது. இறந்தவரைப் பற்றி “ஊருக்குப் போயிருக்கிறார்” எனப் பொய் கூறாமல், வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூறுங்கள். பள்ளியின் வழக்கமான நடைமுறைக்கு விரைவில் திரும்புவது அவர்களைத் தேற்றும்.

தங்கள் நலம்: தீக்காயமுற்றவரை மாதக்கணக்கில் கவனிப்பவருக்கும் இதே வெறுமை நேரலாம். வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்து ஓய்வெடுங்கள்.

உயிரை விடும் எண்ணம் தோன்றினால்

“நானும் அவரோடு போயிருக்கலாம்” என்று ஒருவர் கூறினால், அதனை வெறும் புலம்பலெனக் கடந்து செல்லாதீர்கள். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என நேரடியாகக் கேளுங்கள். இவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றாது. மனத்தில் உள்ளதைச் சொல்ல வழி திறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் ஆகியவற்றை அவருக்கு எட்டாதவாறு அகற்றுங்கள். உடனே 14416 அல்லது 108 எண்ணை அழையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு உள்ளானவராகக் கருதி, அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கூறுகிறது. எனவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்த வேண்டா.

அடிக்கடி எழும் ஐயங்கள்

இது காத்துக் கருப்பு அண்டியதால் வருவதா?
இல்லை. இது மூளையும் உடலும் பேரதிர்ச்சிக்குக் காட்டும் எதிர்வினை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தர்காவுக்கோ சென்று வழிபடுவது மனத்துக்கு அமைதி தருமாயின் செல்லலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ மாத்திரையை நிறுத்தவோ கூடாது.

மனநல மருத்துவரிடம் சென்றால் வேலை, திருமணம் ஆகியவை பாதிக்கப்படுமா?
நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் சட்டக் கடமை. தொலைபேசி ஆலோசனையில் தொடங்கினால் வீட்டை விட்டு வெளியே செல்லவும் தேவையில்லை.

மீண்டும் பட்டாசு வேலைக்குச் செல்லலாமா?
உறக்கமும் கவனமும் சீராகி, மருத்துவர் ஒப்பிய பின் முடிவு செய்யலாம். முதலில் வெடிமருந்துடன் தொடர்பில்லாத பணிகளைக் கேட்டுப் பெறுவது நல்லது. திரும்பிச் செல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது.

உதவி பெறும் இடங்கள்

• 14416: தேசியத் தொலைமனநலச் சேவை. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் “நட்புடன் உங்களோடு மனநல சேவை” என்னும் பெயரில் செயல்படுகிறது. 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.
• 104: மருத்துவ ஆலோசனை மற்றும் தகவல் சேவை
• 108: அவசர ஆம்புலன்ஸ்
• 1098: குழந்தைகள் உதவி எண், 181: மகளிர் உதவி எண்
• விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். உயர் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உள்ளது.
• சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் நாளைக் கேட்டறியலாம்.

முதன்முறை செல்லும்போது, அறிகுறிகள் தொடங்கிய நாள், தோன்றும் நேரம், உறங்கும் மணிநேரம், செய்யும் வேலை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பேச்சு வராமல் நா தழுதழுத்தாலும் அந்தத் தாளை நீட்டினால் போதும்; மருத்துவர் அங்கிருந்து தொடங்குவார்.

இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே வெளியிடப்படுகிறது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தகுதி பெற்ற மருத்துவரை அணுகவும்.